ஞாயிறு மட்டும்தான் லீவு. கோத்தகிரியில் பறவை, காடு சம்பந்தமான வேலைக்கு எங்கே போய்ச் சேர்வது?

கோத்தகிரி மருமகள் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கல்யாணமாகி கோத்தகிரி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதும் வேலை. பச்சை இலை எடை போடும் இடத்தைப் பார்த்தமாதிரி பெரிய கண்ணாடி ஜன்னல், அதை ஒட்டி என் மேஜை.

ஜூன் கடைசியில் ஒருநாள், மழை விட்டிருந்த நேரம், அந்தக் கண்ணாடியில் ஏதோ டப்பென்று மோதியது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் கீழே ஒரு குருவி. எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. தலையும் இறக்கையும் மைக் கருப்பு, மற்றபடி உடம்பெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் நிறம். எடையே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தது, அப்புறம் என் கையில் ஒரு சொட்டு எச்சம் வைத்துவிட்டு வேலிப் புதருக்குள் போய்விட்டது. எடை போடும் அண்ணனிடம் "இது என்ன குருவிண்ணா" என்று கேட்டால் "குருவிதான்" என்கிறார். அவரைச் சொல்லி என்ன, ஒன்பது வருடமாக நானும் தினமும் அந்த ஜன்னல் பக்கம்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு அரிப்பு. செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, கணக்கெடுப்புக்கு ஆள் எடுப்பீர்களா என்று கேட்டேன், பேரும் நம்பரும் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம், ஏழு நாள் 'வனத் தன்னார்வலர் அனுபவம்', கட்டணம் 14,000 ரூபாய். என் ஒரு மாதச் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மூன்றாவதாக ஒரு மரம் நடும் விழாவுக்குப் போனேன். பேனர், டீ, பிஸ்கட், போட்டோ. புல்மேட்டில் வரிசையாக ஐம்பது குழி. நான் நட்டது என்ன கன்று என்று கேட்டால் கொண்டுவந்தவருக்கே தெரியவில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன், குச்சிதான் நின்றது.

இப்போது கேள்வி. பி.காம். படித்தவள், விலங்கியல் எல்லாம் தெரியாது. கேமரா இல்லை. இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான், அதிலும் சமையல் போக நாலைந்து மணி நேரம். ஏழாவது படிக்கும் பையன் கூட வருவான். விடியற்காலையில் போகிறேன் என்றால் மாமியார் கரடியைச் சொல்லித் தடுக்கிறார், அதுவும் நியாயம்தான், போன மாதம் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே வந்துபோனது. இப்படி ஒருத்தியால் நிஜமாகவே ஏதாவது பயன் உண்டா, இல்லை வீட்டிலேயே இருந்து பறவைக்குத் தண்ணீர் வைத்தால் போதுமா?

---

குன்னூர் தபால்தாத்தா எழுதியது:

அம்மா, உங்கள் கையில் உட்கார்ந்தது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், ஆண். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று விமானம் ஏறி ஊட்டிக்கு வருகிறார்கள், உங்கள் கையில் எச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

முதல் வேலை உங்கள் ஜன்னலிலேயே இருக்கிறது. கண்ணாடியில் மரமும் வானமும் தெரிவதால் அதை வழி என்று நினைத்து வந்து மோதுகின்றன. வெளிப்பக்கத்தில், கவனியுங்கள், வெளிப்பக்கத்தில், வெள்ளை டேப்போ நூலோ இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாக மேலிருந்து கீழே ஒட்டிவிடுங்கள். ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டிவைப்பார்கள், அதற்கு எந்தக் குருவியும் பயப்படாது, அதற்குப் பக்கத்திலேயே வந்து இடிக்கும். முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், சும்மா ஒட்டிவிட்டு என்னைச் சொல்லாதீர்கள்.

அடுத்து, எண்ணுவது. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வீட்டிலிருந்து ஃபேக்டரிக்கோ கோயிலுக்கோ ஒரு பாதை இருக்குமே, அதில் அரை கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதே பாதை, ஏறக்குறைய அதே நேரம், குறைந்தது 15 நிமிடம். பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும். காக்காயும் எழுத வேண்டும், மைனாவும் எழுத வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், அரிய பறவை வந்தால் மட்டும் எழுதுவார்கள். காக்காய் எண்ணிக்கை ஒரு இடத்தில் கூடுகிறது என்றால் அங்கே குப்பை கூடுகிறது என்று அர்த்தம், அது ஈப்பிடிப்பானை விட முக்கியமான செய்தியாகக்கூட இருக்கலாம். முழுப் பட்டியலாக இருந்தால்தான் 'இன்று இது இல்லை' என்பதும் கணக்கில் வரும்.

நோட்டில் எழுதி வந்து சாயங்காலம் இ-பேர்ட் என்ற தளத்தில் ஏற்றிவிடலாம், இலவசம். உங்கள் பையன் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வான். பெயர் தெரியாததை எழுதாதீர்கள், 'தெரியாத சிறு பறவை 2' என்று நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கமே வேண்டாம். போனில் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஆப் இருக்கிறது, உதவிதான், ஆனால் அது சொன்னதை அப்படியே பதியக்கூடாது. கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வருடம் சிம்ஸ் பார்க் பக்கம் ஒரு பாதையில் சீகாரப் பூங்குருவி ஆறு என்று எழுதினேன். விடியற்காலையில் யாரோ வேலையில்லாத பையன் சீட்டியடிப்பதுபோல் கேட்கிறதே, அதுதான் அது. பட்டியலைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், சின்னப் பையன், என் பேரன் வயது, 'ஐயா, ஒரே ஓடையில் ஆறா, போகும்போது எண்ணியதைத் திரும்பும்போதும் எண்ணினீர்களா' என்று கேட்டு எழுதினான். கோபம் வந்தது. அடுத்த ஞாயிறு போய் நின்று பார்த்தால் இரண்டே இரண்டு, அதுவும் என்னைச் சுற்றிச் சுற்றி இடம் மாறிக் கூவிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து எனக்கு ஒரு விதி: ஒரே நேரத்தில் கண்ணில் பட்டாலோ காதில் விழுந்தாலோதான் இரண்டு, இல்லையென்றால் ஒன்று.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடக்கும், பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்க நடக்கும், மே மாதமும் ஒரு நாள் உண்டு. இதற்கெல்லாம் பெயர் கொடுத்துக் காத்திருக்கத் தேவையில்லை, நீங்கள் உங்கள் பாதையில் எண்ணி இ-பேர்டில் ஏற்றினாலே சேர்ந்துகொண்டமாதிரிதான். கரடிக்கு: ஆறு மணிக்குப் போகாதீர்கள், ஏழரைக்கு மேல் போங்கள், தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்காதீர்கள், பேசிக்கொண்டே நடங்கள். பறவை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

---

கேமராக்காரன் 77 எழுதியது:

அக்கா அந்த ஈப்பிடிப்பான் எந்த ஃபேக்டரி பக்கம், லொகேஷன் போடுங்களேன், இந்த வாரம் வருகிறோம் நாலு பேர்.

---

பாட்டில் பொறுக்கி எழுதியது:

வந்துவிட்டார்கள். தம்பி, போன வருடம் இதே மாதிரி ஒரு கூடு இருந்த இடத்தை ஒருத்தர் குரூப்பில் போட்டார். மூன்றாம் நாள் பதினோரு பேர், கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிட்டு எடுக்கிறார்கள், ஸ்பீக்கரில் அதன் குரலையே போட்டுக்காட்டிக் கூப்பிடுகிறார்கள். குஞ்சுக்குத் தீனி கொண்டுவரும் பறவை, யாரோ தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று தீனியை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலைகிறது. அக்கா, கூடு, ஆந்தை அடையும் இடம், இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். இ-பேர்டில் ஏற்றும்போதும் கூட்டைப் பற்றி எழுத வேண்டாம்.

அப்புறம் உங்கள் கேள்விக்கு. நாங்கள் ஆறேழு பேர் ஊட்டி பக்கம் மாதம் ஒரு ஞாயிறு சாலையோரம் பாட்டில் பொறுக்குகிறோம், சங்கமும் கிடையாது பேனரும் கிடையாது. பிளாஸ்டிக் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், கண்ணாடி பாட்டில் பற்றிப் பேசுவதில்லை. உடைந்தால் காட்டெருமைக் காலிலும் யானைக் காலிலும் ஏறுகிறது. உடையாமல் இருந்தால் அது ஒரு பொறி. சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள் மூஞ்சூறு நுழைந்துவிடும், ஈரத்தில் வழுக்கி வெளியே வர முடியாது. ஒரு தடவை ஒரே பாட்டிலுக்குள் மூன்று மண்டை ஓடு எண்ணினேன், அரிசி சைஸ் பல்லோடு.

இதில் ஒரு நல்ல விஷயம், 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட்டி வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள், உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது, இங்கேதான் முதலில் தொடங்கினார்கள். அதற்கப்புறம் அந்தப் பத்து ரூபாய் ஸ்டிக்கர் உள்ள பாட்டில் காட்டோரம் கிடப்பது கண்கூடாகக் குறைந்துவிட்டது. எங்கள் கையுறை, சாக்குச் செலவு இதிலேயே ஓடுகிறது. பையனைக் கூட்டிவருவதாக இருந்தால் மட்டும் அவன் கையில் பாட்டில் கொடுக்காதீர்கள், கணக்கு எழுத வையுங்கள்.

---

நாற்றங்கால் செல்வி எழுதியது:

தங்கச்சி, நான் கொடைக்கானல், வட்டக்கானலுக்குக் கீழே. சோலை, அதாவது மலைப் பள்ளத்துக் காடு, அதன் மர நாற்று வளர்க்கும் வேலையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். முதலில் கூலிக்குப் போனேன், இப்போது ஞாயிற்றுக்கிழமை வருபவர்களுக்கு வேலை காட்டுவது என் பொறுப்பு. நீங்கள் எழுதியதில் 'புல்மேட்டில் ஐம்பது குழி' என்ற இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

புல்மேடு காலி இடம் இல்லை. மலை உச்சியிலும் சரிவிலும் புல், பள்ளத்தில் ஓடையோரம் சோலை, இதுதான் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் இயற்கையாக அமைந்த அமைப்பு. அந்தப் புல்லில்தான் வரையாடு மேய்கிறது, நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவி தரையில் கூடு வைக்கிறது, குறிஞ்சி பூக்கிறது. பெய்கிற மழையையும் மூடுபனியையும் வாங்கி மெதுவாகக் கீழே விடுவதும் அந்தப் புல்தான். வெள்ளைக்காரன் அதைத் தரிசு என்று எழுதிவைத்து வாட்டில் என்ற சீமை மரம், தைலமரம், பைன் என்று நட்டான், சுதந்திரத்துக்கு அப்புறம் நம் ஆட்களும் தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் என்று இன்னும் வேகமாக நட்டார்கள். செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்த்தவர்கள், பழனி மலையில் 1973 முதல் 2014 வரைக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறார்கள். அந்த மீதியில் கொண்டுபோய்க் குழி தோண்டி மரம் நட்டால்? உங்கள் கன்று குச்சியானது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டில் விஷயம் பொல்லாதது. வெட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து நாங்களே ஆரம்பத்தில் ஏமாந்திருக்கிறோம். விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் போனதும், அதிலும் தீ ஒன்று பட்டுவிட்டால், கீரை விதைத்ததுபோல மொத்தமாகக் கிளம்பும். ஒரு சரிவில் வெட்டிய மறுவருடம் நான் உட்கார்ந்து பிடுங்கியதில் ஒரு பாய் விரிக்கும் இடத்தில் இருநூறுக்கு மேல் எண்ணினேன். இன்னொரு பக்கம், பழைய வாட்டில், பைன் தோப்புகளுக்கு அடியில் நிழலும் ஈரமும் இருப்பதால் சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. பறவைதான் விதை போடுகிறது. அங்கே போய் எல்லாவற்றையும் மொட்டையடித்தால் அந்தக் கன்றும் சேர்ந்து போகும். அதனால் எங்கே பிடுங்குவது, எங்கே விட்டுவைப்பது என்று தெரிந்தவர் சொல்லித்தான் கை வைக்க வேண்டும், காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதியோடுதான். சும்மா நாலு பேர் அரிவாளோடு போவது தொண்டு இல்லை, கேஸ்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நாற்றங்காலில் ஞாயிறு நாலு மணி நேர வேலை எப்போதும் இருக்கும். பையில் மண் நிரப்புவது, களை எடுப்பது, பழுத்து விழுந்த பழத்தைக் கழுவி விதை பிரிப்பது. சோலை விதை எல்லாம் அவரை மாதிரி வாரத்தில் முளைக்காது, சிலது ஆறு மாதம் அசையாது, செத்துவிட்டது என்று கொட்டப்போகும் நேரத்தில் மூக்கை நீட்டும். நாவல் வகைகளை மட்டும் காயவிடக்கூடாது, பறித்த கையோடு மண்ணில் போட வேண்டும். நகக்கண்ணில் மண் போகும், முட்டி வலிக்கும், அட்டை ஏறும். அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும்படி ஒன்றும் இருக்காது. முதல் ஞாயிறு இருபது பேர் வருவார்கள், மூன்றாவது ஞாயிறு இரண்டு பேர் வருவார்கள், அந்த இரண்டு பேரைத்தான் நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்.

கோத்தகிரியில் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 1990களிலிருந்து இருக்கிறதே, நேரில் போய்க் கேளுங்கள். லாங்வுட் சோலையும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, 116 ஹெக்டேர், ஊருக்கு ஒட்டினாற்போல் இப்படி ஒரு சோலை எங்களுக்கு இல்லையே என்று பொறாமையாக இருக்கும். அனுமதி வாங்கி ஒரு தடவை பையனோடு உள்ளே போய்ப் பாருங்கள், அப்புறம் அந்தப் பேனர்காரர் எந்த மரம் நடக்கூடாது என்று நீங்களே சொல்வீர்கள்.

ஒரு சின்ன விஷயம், எங்கள் பக்கம் இருக்கும் சோலைக்கிளி என்ற குருவியும் உங்கள் பக்கம் இருப்பதும் வேறு வேறு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே வெள்ளை வயிற்றோடு ஒன்று, வடக்கே நீலகிரிக்கென்று ஒன்று. 2017இல் இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து 'சோலிகோலா' என்று பெயர் வைத்தபோது நம் சோலை என்ற சொல் விஞ்ஞானப் பெயரில் ஏறிவிட்டது. சிரிப்பான் என்ற குருவியும் அப்படித்தான், உங்களுக்கு நீலகிரிச் சிரிப்பான், எங்களுக்குப் பழனிச் சிரிப்பான். நடுவில் ஒரு கணவாய்தான், அதைத் தாண்ட அந்தக் குருவிக்கு மனசு வரவில்லை.

---

மசினகுடி மாட்டுக்காரன் எழுதியது:

எல்லாரும் அழகான குருவியைப் பற்றி எழுதுகிறீர்கள், நான் அழகில்லாத ஒன்றைச் சொல்கிறேன். பாறு. பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். சீகூர், மாயாறு பக்கம்தான் தமிழ்நாட்டில் இன்னும் கூடு வைக்கின்றன. வெண்முதுகுப் பாறு ஆற்றோரம் நீர்மத்தி மரத்து உச்சியில் கூடு கட்டும், வருடத்துக்கு ஒரே முட்டை. அந்த ஒன்றும் போனால் அந்த வருடம் போச்சு.

செத்த மாட்டில் டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி மருந்து மிச்சம் இருந்தால் அதைத் தின்ற பாறுக்கு சிறுநீரகம் கெட்டுப்போகும், கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், சில நாளில் விழுந்துவிடும். 1990களில் நாடு முழுக்க லட்சக்கணக்கில் இப்படித்தான் போயின. 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. தடை வந்தபிறகு மனுஷனுக்கு வைத்திருக்கும் பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், 2015இல் அதையும் ஒரு குப்பியில் 3 மில்லிக்கு மேல் விற்கக்கூடாது என்றார்கள். 2023இல் இதே மாதிரி வலி மருந்தான கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் கால்நடைக்குத் தடை. சட்டம் இருக்கிறது, மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரி சட்டம் யாருக்கு ஞாபகம் வரும்?

இதில்தான் உங்களை மாதிரி ஆள் வேண்டும். படிப்பு வேண்டாம், பேச்சு வேண்டும். பால் சொசைட்டியில் நிற்கும்போது, 'டாக்டரிடம் மெலாக்சிகாம் என்று கேளுங்கள், அதே வேலை செய்யும், பாறுக்கும் ஒன்றும் ஆகாது' என்று சொல்வது. இன்னொன்று, புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் விஷம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். புலிக்கு வைத்தது பாறுக்கும் போகும், கீரிக்கும் போகும், நாய்க்கும் போகும். அந்த வீட்டுக்காரரோடு போய் உட்கார்ந்து இழப்பீட்டு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும். நான் மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்தேன், இரண்டு பேருக்குப் பணம் வந்தது, ஒருவருக்கு ஏதோ காகிதம் குறைகிறது என்று இன்னும் அலைகிறார், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கணக்கு எழுதத் தெரிந்த நீங்கள் எழுதினால் என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள் அக்கா.

---

வாட்சர் மகன் எழுதியது:

அக்கா, உங்கள் பேரும் நம்பரும் வாங்கிக்கொண்டு விட்டார்களே, அதற்கு ஒரு விளக்கம். அப்பா முப்பது வருடம் காட்டில் தற்காலிக வாட்சராக நடந்தவர், நானும் வரையாடு கணக்கெடுப்புக்குச் சாமான் தூக்கப் போயிருக்கிறேன்.

வரையாடு, புலி, யானைக் கணக்கெல்லாம் பெரும்பாலும் பணியாளர்களும் ஏற்கெனவே பழகிய ஆட்களும்தான் போவார்கள். திமிர் இல்லை, அது அப்படிப்பட்ட வேலை. முக்குர்த்தி தேசியப் பூங்காவில் காலையில் மூடுபனி வந்தால் முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. ஒரே மந்தையை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பேசாமல் தனித்தனியே எண்ணி, அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கெடா எது, பெட்டை எது, குட்டி எது என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும். 2024இல் முதல் தடவையாக மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் எண்ணியபோது 1,031 வந்தது, 2025இல் 1,303. உடனே பெருகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம் என்பார் அப்பா, எண்ணுகிறவன் கண் தேறினாலும் எண்ணிக்கை கூடும். 1975இலேயே டேவிதார் என்பவர் இந்த மலையெல்லாம் நடந்து வரையாட்டை எண்ணியிருக்கிறார், அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7ஐ வரையாடு தினமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பறவைக் கணக்கெடுப்புக்கு வனத்துறையே வெளி ஆட்களைக் கூப்பிடும். வருடா வருடம் நீர்ப்பறவைக்கு ஒன்று, காட்டுப் பறவைக்கு ஒன்று என்று நடக்கும். அப்போது போன் போடாமல், உங்கள் பாதையில் நாலைந்து மாதம் எழுதிய பட்டியலை அச்செடுத்து எடுத்துக்கொண்டு ரேஞ்ச் ஆபீசுக்கு நேரில் போங்கள். 'ஆர்வம் இருக்கிறது' என்று தினம் பத்துப் பேர் சொல்வார்கள், நோட்டோடு வருபவர் வருடத்துக்கு ஒருவர். ஊட்டியில் 1877இல் தொடங்கிய சங்கம் ஒன்றும் இருக்கிறது, இப்போது நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் என்று பெயர். அன்றைக்கு அது வேட்டைக்காரர் சங்கம், சுடுவதற்கு விலங்கு மிச்சம் இருக்க வேண்டுமே என்று ஆரம்பித்தது. எப்படி மாறியிருக்கிறது பாருங்கள்.

அந்த 14,000 பற்றி. பணம் கேட்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன், சாப்பாடு, தங்கும் இடம், ஜீப் எல்லாம் செலவுதான். ஆனால் குட்டியைத் தூக்கலாம், யானைக்குப் பக்கத்தில் நிற்கலாம், ராத்திரி சஃபாரி என்று யார் சொன்னாலும் ஓடிவந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர்களோடு சேர்ந்து நீங்களும் மாட்டுவீர்கள். கீழே விழுந்த குஞ்சையும் வீட்டுக்குக் கொண்டுபோய் பால் ஊற்றாதீர்கள், பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் வரும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

---

கேமராக்காரன் 77 எழுதியது:

சரி, லொகேஷன் கேட்டது தப்புதான். அந்த பாட்டில் ஞாயிறு எப்போது? கையுறை நாங்களே கொண்டுவருகிறோம். கேமராவும்தான், ஆனால் பையிலேயே இருக்கும்.

---

பாட்டில் பொறுக்கி எழுதியது:

மூன்றாவது ஞாயிறு. சாக்கும் கொண்டுவாங்கள்.

---

கோத்தகிரி மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

ஜன்னலுக்கு முதலாளி சரி என்றுவிட்டார், கணக்குப் புத்தகத்துக்குக் கோடு போடும் ஸ்கேலை வைத்து நானும் எடை போடும் அண்ணனும் ஒட்டினோம். அதற்கப்புறம் ஒன்றும் மோதவில்லை. நாற்றங்கால் அக்கா, இங்கேயும் ஒரு இடத்தில் அடுத்த ஞாயிறு மண் நிரப்ப வரச் சொல்லியிருக்கிறார்கள், மூக்குப்பொடி வாங்கிவிட்டேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

பாதை எங்கள் லைனிலிருந்து மாரியம்மன் கோயில் வரை. முதல் ஞாயிறு பட்டியலில் ஆறே பெயர், 'தெரியாத சிறு பறவை' பதினேழு. இரண்டாவது ஞாயிறு மாமியாரும் கிளம்பிவிட்டார், கரடி வந்தால் நீங்கள் இரண்டு பேரும் கத்துவதற்குக்கூட லாயக்கில்லை என்று. கோயில் திருப்பத்தில் நின்றுகொண்டு எதிரே இருக்கும் வாட்டில் சரிவைக் காட்டி, தான் கல்யாணமாகி வந்தபோது அது முழுக்கப் புல், எருமை மேயும், அந்த உச்சியில் நின்றால் இந்தக் கோயில் மணி தெரியும் என்றார். ஒன்பது வருடத்தில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை. பையன் அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். மசினகுடி அண்ணா, எங்கள் பால் சொசைட்டியில் மெலாக்சிகாம் என்றேன், ஒரு பெரியவர் 'அது எந்தக் கடையில் கிடைக்கும், எழுதிக் கொடு' என்றார், எழுதிக் கொடுத்தேன்.

தபால்தாத்தா ஐயாவுக்கு ஒரு சந்தேகம். நேற்று செப்டம்பர் மாதத்து முதல் சாம்பல் வாலாட்டி வந்துவிட்டது, ஓடைப் பாலத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது, மஞ்சள் வயிறு நன்றாகத் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்து ஃபேக்டரி தகரக் கூரையில் ஒன்று. பையன் இரண்டு என்கிறான், நான் ஒன்று என்கிறேன். வீட்டில் சண்டை. எத்தனை என்று எழுத?

---

குன்னூர் தபால்தாத்தா எழுதியது:

பாலத்திலிருந்து கூரை தெரியுமா? தெரியும் என்றால் அடுத்த வாரம் பையனைப் பாலத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் கூரைக்குப் போங்கள். அதுவரை ஒன்று.